சின்னப்பன் எந்தச் சின்னப்பன்?

குவீன்ஸ்டவுனில் குடியிருந்தவர்களுக்குக் காமன்வெல்த் டிரைவ் நன்றாகத் தெரியும். அங்கே 1ஆம் எண்ணில் நற்கருணை ஆலயம், 1965ஆம் ஆண்டில் கட்டிய கத்தோலிக்கத் தேவாலயம், இருக்கிறது. பக்கத்திலேயே 3ஆம் எண்ணில் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில். கொஞ்ச தூரம் நடந்தால் ஸ்டர்லிங் ரோட்டில் 1977ஆம் ஆண்டிலிருந்து முஜாஹிதீன் பள்ளிவாசல். மூன்று சமயத்தாரும் அங்கே ஒரே பேருந்து நிறுத்தத்தில்தான் நிற்கிறார்கள்.

முனீஸ்வரன் கோயிலைத் தொடங்கியவர்கள் ரயில்வே தொழிலாளர்கள். 1932ஆம் ஆண்டில் தஞ்சோங் பகார் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் குவீன்ஸ்வே பக்கம் குடியிருந்த நம் ஆட்கள் முனீஸ்வரனுக்கு ஒரு சிறு கோயில் எழுப்பினார்கள். அந்தத் தண்டவாளத்தில் 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதியோடு ரயில் நின்றுவிட்டது. கோயில் இருக்கிறது.

அந்தக் கோயில் வாசலில்தான் ஓர் அம்மையார் என்னைப் பிடித்துக்கொண்டார். எழுபதைத் தாண்டியவர். தங்ளின் ஹால்ட்டில் வளர்ந்தவர். "சார், நீங்க பழைய பேரு பத்தியெல்லாம் பேசுவீங்களாமே, எனக்கு ஒண்ணு தெரியணும்" என்று ஆரம்பித்தார்.

அவருடைய தம்பி மகன் ஒரு கத்தோலிக்கப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறான். பெண் வீட்டில் சம்மதம். இவர்கள் வீட்டுப் பெரியவர்கள் மட்டும் முடியாது என்று நிற்கிறார்கள். பையன் என்ன செய்தான்? தன் தாத்தாவின் பழைய பிறப்புச் சான்றிதழை எங்கிருந்தோ தேடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அதில் தகப்பனார் பெயர் சின்னப்பன். தாயார் பெயர் பெரியநாயகி. "நம்ம பூட்டனே வேதக்காரர்தான், இப்ப எதுக்கு இந்தச் சண்டை?" என்று கூடத்தில் வைத்துக் கேட்டிருக்கிறான். வீடு இரண்டுபட்டுப் போனது.

"அவன் சொல்றது நிஜமா சார், இல்ல காரியம் ஆகணும்னு சொல்றானா?" என்று கேட்டார் அம்மையார்.

இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, முன்னோர் பெயர்களும் அவர்கள் சமயமும் என்பது. அந்த அம்மையாருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். தமிழனுக்கு வெள்ளைக்காரனைப்போலக் குடும்பப் பெயர் கிடையாது. உங்கள் அடையாள அட்டையில் இருப்பது உங்கள் பெயர், அதற்குப் பின்னால் 'த/பெ' போட்டு உங்கள் அப்பா பெயர். அவ்வளவுதான். தாத்தா பெயர் அப்பாவின் அட்டையில் இருக்கும். ஆக, ஒவ்வொரு தாளிலும் இரண்டு தலைமுறைப் பெயர்கள் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. அடுத்த தலைமுறை வேண்டுமானால் அடுத்த தாளைத் தேட வேண்டும். நம் குடும்ப வரலாறு முழுவதும் பெற்றோர் வைத்த பெயர்களால் ஆனது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் உண்டு. பேரன் என்ற சொல்லே பெயரன்தானே! அதனால் சில சமயம் வீட்டில் சமயம் மாறிப்போகும், பெயர் மட்டும் மாறாமல் தலைமுறை தாண்டி வந்துகொண்டிருக்கும்.

சரி, சின்னப்பன் என்றால் யார்?

கத்தோலிக்கர்களிடம் கேட்டால், அது புனித பவுலின் பெயர் என்பார்கள். பவுல் என்பதன் மூலமான லத்தீன் சொல்லுக்குச் சிறியவர் என்று பொருள். அதனால் தமிழில் அவர் சின்னப்பர் ஆனார். யோவான் என்ற எபிரேயப் பெயருக்குக் கடவுள் அருளினார் என்று பொருள். அவர் அருளப்பர் ஆனார். பேதுரு ராயப்பர். பழைய பாதிரிமார்கள் வேதாகமப் பெயர்களை இப்படிப் பொருளறிந்து தமிழாக்கினார்கள். ஓசையை மட்டும் தமிழ்ப்படுத்திய பெயர்களும் உண்டு. சவேரியாரிலிருந்து சவரிமுத்து, யோசேப்பிலிருந்து சூசை, போர்ச்சுக்கீசிய சந்தியாகோவிலிருந்து சந்தியாகு. வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவிடமிருந்து ஆரோக்கியசாமியும் ஆரோக்கியமேரியும் வந்தார்கள். மாதாவை அமல உற்பவம் என்று போற்றியதிலிருந்து அமலோற்பவம் வந்தது. தேக்காவில் நம் கடைகளில் இந்தப் பெயர்களை எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்!

தேவசகாயம் என்ற பெயருக்கு ஒரு பெரிய கதையே இருக்கிறது. திருவிதாங்கூர் அரண்மனையில் பணிசெய்த நீலகண்டப் பிள்ளை 1745ஆம் ஆண்டில் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு வைத்த பெயர் லாசர். கடவுளே துணை என்பது அதன் பொருள். அதைத்தான் தேவசகாயம் என்று தமிழில் அழைத்தார்கள். 1752ஆம் ஆண்டில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் தேதி ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். ஒருவர் தம் தாத்தாவின் பெயர் தேவசகாயம் என்று சொன்னால் அவர் கிறிஸ்துவர் என்று நான் பெரும்பாலும் தயங்காமல் சொல்லிவிடுவேன்.

சின்னப்பன் அப்படியில்லை. சாண்டோ சின்னப்பா தேவர் யார்? தேவர் பிலிம்ஸ் முதலாளி, முருகன் பேரைச் சொல்லாமல் ஒரு காரியமும் தொடங்காதவர். பி.யு. சின்னப்பா யார்? பாகவதர் காலத்தில் அவருக்குச் சரிசமமாக நின்ற புதுக்கோட்டை நடிகர். இருவருமே இந்துக்கள். அங்கே சின்னப்பன் என்பது வீட்டுக்கு இளையவன். மூத்தவன் பெரியப்பன், அடுத்தவன் சின்னப்பன். பவுலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பெரியநாயகி இன்னும் சிக்கலான பெயர். தஞ்சைப் பெரிய கோயில் அம்மன் பெயர் பெரியநாயகி. விருத்தாசலம் கோயில் அம்மனும் பெரியநாயகிதான். அந்த விருத்தாசலத்துக்குப் பக்கத்திலேயே கோணாங்குப்பம் என்று ஓர் ஊர் இருக்கிறது. 'தேம்பாவணி' பாடிய வீரமாமுனிவர், இத்தாலி நாட்டிலிருந்து வந்த பாதிரியார், அங்கே மாதாவுக்குக் கோயில் கட்டினார். மாதாவுக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? பெரியநாயகி! சேலை கட்டிய தமிழ்நாட்டு மாதா. ஆக, ஒரே வட்டாரத்தில் அம்மனை வேண்டிப் பெற்ற பெண்ணும் பெரியநாயகி, மாதாவை வேண்டிப் பெற்ற பெண்ணும் பெரியநாயகி. வீரமாமுனிவர் வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார் என்பது என் எண்ணம். மக்கள் நாவில் ஏற்கெனவே புழங்கிய பெயரை எடுத்துக்கொண்டார்.

இதைச் சொன்னபோது அம்மையாருக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. "என்ன சார், ரெண்டு பேருமே ரெண்டு பக்கமும் நிக்கிறாங்க!" என்றார்.

ஆமாம், நம் ஊர்ப் பெயர்கள் பல அப்படித்தான் நிற்கின்றன. தமிழன் புண்ணியத் தலத்தின் பெயரையே பிள்ளைக்கு வைப்பவன். பழனி என்றால் முருக பக்தர் வீடு, சிதம்பரம் என்றால் சிவபக்தர் வீடு, திருப்பதி என்றால் பெருமாள் வீடு. இதுவரைக்கும் குழப்பம் இல்லை. நாகூருக்கு வருவோம். நாகூர் ஆண்டவர் சாகுல் ஹமீது அவர்களின் பெயரைத் தாங்கிய தமிழ் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சிங்கப்பூருக்கு வந்த முதல் தலைமுறையிலேயே, 1828-லிருந்து 1830-க்குள், தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் அவர் நினைவாக ஒரு தர்காவைக் கட்டிவிட்டார்கள். ஆனால் நாகூருக்கு நேர்ந்துகொண்டு பிள்ளை பெற்ற இந்துக்களும் உண்டு. அவர்கள் பிள்ளைக்கு நாகூரான், நாகூரம்மாள் என்று பெயர் வைத்தார்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த பெயர் பக்கிரிசாமி. பக்கீர் என்பது இஸ்லாமியத் துறவியைக் குறிக்கும் அரபுச் சொல். அதோடு நம் 'சாமி'யை ஒட்டவைத்துத் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி தன் பிள்ளைக்குப் பெயர் வைத்தான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எத்தனை பக்கிரிசாமிகள்! அவர்களில் பெரும்பாலோர் விபூதி பூசிய இந்துக்கள். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவர்கள் முன்பு முஸ்லிம்களாக இருந்தார்கள் என்று சொன்னால் தப்பு. அந்தப் பிள்ளையின் தாய் எந்த வாசலில் போய் அழுதாள் என்பதை மட்டும் அந்தப் பெயர் சொல்கிறது.

சமயமே இல்லாத பெயர்களும் இருக்கின்றன. பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்த பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்பார்கள். தானமாகக் கொடுத்து வாங்கிப் பிச்சை என்பார்கள். பிச்சைமுத்து என்ற கிறிஸ்துவரும் உண்டு, பிச்சை என்ற முஸ்லிமும் உண்டு. துக்கத்துக்குச் சமயம் ஏது? தங்கம், செல்லம், ராசு, துரை என்பவையும் அப்படித்தான். அவற்றை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு வகைப் பெயர் இருக்கிறது. அது ஆளைத் திசைதிருப்பிவிடும். எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளை என்றால் வைணவர் என்றுதானே நினைப்பீர்கள்? 'இரட்சணிய யாத்திரிகம்' பாடிய கிறிஸ்துவக் கவிஞர் அவர். வைணவராகப் பிறந்து 1858ஆம் ஆண்டில் கிறிஸ்துவரானார். முன்னால் ஹென்றி ஆல்பிரட் சேர்ந்தது, கிருஷ்ணர் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் இதற்கு நேர்மாறு. அமெரிக்க மிஷனரிகளின் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பெயர்களைச் சூட்டினார்கள். பழைய ஏடுகளைத் தேடித் தொல்காப்பிய உரையையும் கலித்தொகையையும் அச்சேற்றிய சி.வை. தாமோதரம் பிள்ளையின் ஆங்கில முதலெழுத்துகளைச் சார்ல்ஸ் வின்ஸ்லோ என்று விரிப்பார்கள். அவர் பின்னாளில் சைவராக வாழ்ந்தவர். பெயர் ஒரு பக்கம், நெற்றி இன்னொரு பக்கம்!

அயோத்திதாசப் பண்டிதரைச் சொல்லாமல் விட முடியாது. அயோத்திதாசர் என்றால் ராமபக்தர் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். அவர் பிறந்தபோது வைத்த பெயர் காத்தவராயன், கிராம தெய்வத்தின் பெயர். அயோத்திதாசர் என்பது அவருடைய ஆசிரியர் பெயர். குருபக்தியால் அதைத் தமக்குச் சூட்டிக்கொண்டார். அவர் வாழ்ந்ததோ பௌத்தராக. 1898ஆம் ஆண்டில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியவர் அவர்தான். பிறந்த பெயர் ஒரு சமயம், ஏற்ற பெயர் இன்னொரு சமயம், வாழ்ந்தது மூன்றாவது சமயம்.

நம் சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழவேள் கோ. சாரங்கபாணி 1903ஆம் ஆண்டில் திருவாரூரில் பிறந்தவர். சாரங்கபாணி கும்பகோணத்துப் பெருமாள். ஆனால் அவர் சீர்திருத்தக்காரர், பெரியாரைப் போற்றியவர். 1935ஆம் ஆண்டில் தமிழ் முரசைத் தொடங்கினார், 1952ஆம் ஆண்டிலிருந்து சமய வேறுபாடு பார்க்காமல் தமிழர் திருநாளை நடத்தினார். அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இளங்கோ, தமிழ்ச்செல்வி, அன்பழகன் என்று வைத்தார்கள். இந்தப் பெயர்களில் சமயம் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் வைத்தார்கள். நாளைக்கு ஒரு கொள்ளுப்பேரன் இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு எந்தக் கோயில் என்று தேடினால் கிடைக்காது.

இவ்வளவு தூரம் கேட்ட பிறகு, பெயரைப் பார்ப்பதில் பிரயோசனமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஒற்றைப் பெயரைப் பார்க்கக் கூடாது, கூட்டத்தைப் பார்க்க வேண்டும். கூடப் பிறந்தவர்களின் பெயர், பிள்ளைகளின் பெயர், மனைவியின் அண்ணன் தம்பி பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு பெயர் ஏமாற்றலாம். ஏழு பெயர்கள் சேர்ந்து ஏமாற்றுவது கஷ்டம்.

எழுத்தையும் பார்க்க வேண்டும். நம் முன்னோர் பெயரைத் தாளில் ஏற்றியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதிய கிராணிகள். மாரியம்மாளுக்கும் மரியம்மாளுக்கும் தமிழில் ஒரு கால்தான் வித்தியாசம். அந்தக் கால் இருந்தால் சமயபுரம், இல்லாவிட்டால் வேளாங்கண்ணி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தான்! மாரிமுத்துவும் மரியமுத்துவும்கூட அங்கே கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுவார்கள். ஆங்கிலத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டியின் சமயத்தை முடிவு செய்துவிட வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.

வேறு தேசத்துக்குப் போனவர்களிடம் இந்தப் பெயர்கள் வேறு மாதிரி பிழைத்தன. பிரெஞ்சுக்காரர்களின் ரீயூனியன் தீவில் நம் ஆட்களின் பெயர்கள் குடும்பப் பெயர்களாக உறைந்துவிட்டன. இன்று அங்கே ஒருவருக்கு முன்பெயர் ஏதாவது ஒரு கத்தோலிக்கப் புனிதரின் பெயர், பின்பெயர் ராமசாமி. ஞானஸ்நானம் பெற்ற பேரனின் பெயருக்குப் பின்னால் ராமனைக் கும்பிட்ட பாட்டன் நிற்கிறார். தென்னாப்பிரிக்காவில் இன்னும் வசதி. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த முதல் கப்பலான டுரூரோவிலிருந்தே பயணிகளின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் பட்டியலில் ஏறின. சாதிக்கான கட்டத்தில் சிலருக்குக் கிறிஸ்துவர் என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே பெயரை வைத்து ஊகம் செய்ய வேண்டியதில்லை.

இங்கே நமக்கு உதவக்கூடிய இன்னொன்று அடக்கம் செய்த இடம். பிடாடாரி மயானத்தில் கிறிஸ்துவர், முஸ்லிம், இந்து என்று தனித்தனிப் பகுதிகள் இருந்தன. 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் அந்தக் கல்லறைகளைத் தோண்டி அப்புறப்படுத்திவிட்டார்கள். பெயர் இரண்டு பக்கம் நின்றாலும் மனிதன் ஒரு பக்கத்தில்தானே படுக்க முடியும்?

அம்மையாரிடம் இதைக் கேட்டேன். சின்னப்பன் கடைசிக் காலத்தில் ஊருக்குப் போய்விட்டார், அங்கேயே காலமாகிவிட்டார் என்றார். எந்த ஊர்? விருத்தாசலம் பக்கம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மனும் மாதாவும் ஒரே பெயரில் இருக்கும் அதே வட்டாரம்! "அம்மா, சின்னப்பனுக்கு அண்ணன் தம்பி இருந்தார்களா? பெயர் மட்டும் தெரிந்தால் போதும்" என்று சொல்லி அனுப்பினேன். ஏன் கேட்டேன் என்றால், அண்ணன் பெரியப்பனாக இருந்தால் இவர் வீட்டுக்கு இளைய சின்னப்பன். அண்ணன் ராயப்பனாக இருந்தால் கதை வேறு. பேதுருவுக்கும் பவுலுக்கும் கத்தோலிக்கர்கள் ஒரே நாளில், ஜூன் 29ஆம் தேதி, திருவிழா எடுக்கிறார்கள். ராயப்பன் சின்னப்பன் என்று அண்ணன் தம்பிக்குச் சேர்த்து வைப்பது அதனால்தான். 1995ஆம் ஆண்டில் பொது மொழிபெயர்ப்பு வேதாகமம் வந்தபின் கத்தோலிக்கக் கோயில்களிலும் பேதுரு, பவுல் என்றே வாசிக்கிறார்கள். அந்தப் பழைய பெயர்கள் இன்று பிள்ளைகளுக்கு அதிகம் வைக்கப்படுவதில்லை.

மூன்று வாரம் கழித்து அம்மையார் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். அவருடைய அப்பா பத்திரப்படுத்தி வைத்திருந்த கடிதங்கள். அவற்றில் ஒன்று ஊரிலிருந்து சின்னப்பனுக்கு வந்தது. மழை இல்லை, மாடு செத்துப்போனது, பணம் அனுப்பவும் என்ற வழக்கமான சங்கதிதான். கீழே 'இப்படிக்கு அண்ணன் ராயப்பன்' என்று இருந்தது. மேலே, நாம் பிள்ளையார் சுழி போடும் இடத்தில், பேனாவால் போட்ட ஒரு சின்னச் சிலுவை.

அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப எங்க அப்பா? வெள்ளிக்கிழமை தவறாம முனீஸ்வரனுக்குச் சூடம் ஏத்துனாரே சார், அது?"

"அதுவும் நிஜம்தானே அம்மா. அதை யார் இல்லை என்று சொன்னது?" என்றேன்.

கடிதத்தை இரண்டு நகல் எடுக்கச் சொன்னார். ஒன்று தம்பி மகனுக்கு, ஒன்று கல்யாணம் கூடாது என்று சொன்ன மூத்த அண்ணனுக்கு. அசல் அவரிடமே இருக்கிறது, சாமி அறையில்.

போன வாரம் தொலைபேசியில் பேசினார். கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்கு மேலே 'சின்னப்பன் – பெரியநாயகி அவர்களின் கொள்ளுப்பேரன்' என்று போடச் சொல்லிவிட்டாராம். பத்திரிகையின் தலையில் எதைப் போடுவது, சுழியா சிலுவையா என்பதில் மட்டும் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறதாம்.